காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில்

எங்கள் ஊர் பால் சொசைட்டிக் கொட்டகையில் ஒருவன் வாய் திறப்பதற்காக நாங்கள் காத்திருந்த மிக நீண்ட நேரம், காலைப் பால் வண்டி புறப்பட்டதிலிருந்து மாலைப் பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு வரிசை கட்டியது வரை. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. நான் கிளை அஞ்சலகத்தில் தேதி முத்திரையைத் தினமும் மாற்றி வைக்கும் வேலையில் இருந்தவன். நாள், கிழமை விஷயத்தில் என் குறிப்பேட்டை நம்பலாம். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக ‘மிக நீண்ட காத்திருப்பு’ என்று எழுதி வைத்திருந்தேன். பிற்பாடு அதைத் திருத்த வேண்டி வந்தது.

அன்று வாய் திறக்க வேண்டியவன் ஓர் ஆட்டைத் திருடியவன். ஆட்டைப் பறிகொடுத்தவள் புருஷன் இல்லாதவள். அவன்தான் திருடினான் என்பது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். நடுவில் குந்தி வழக்கு கேட்ட அம்மா யாரையும் சொல்ல விடவில்லை.

“அவன் வாயால வர்ட்டும்.”

சொசைட்டிக்காரர் பால் அளக்கும் படியைத் தட்டினார். “யம்மோவ், இன்னும் எம்மா நேரம்? பால் திரிஞ்சிடும்.”

“திரிஞ்சா கிண்டித் துன்னு. இவன் இன்னும் வாயத் தெறக்கல.”

அவன் தலையைத் தொங்கவிட்டபடி குந்தியிருந்தான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டார்கள். ஒரு கட்டத்தில் ஈ மொய்க்கும் சத்தம் மட்டும் இருந்தது. அப்போது அவன் சொன்னான்: “என் பொண்ணைப் பாக்க வந்திருந்தாங்க. கறி போடாம அனுப்பக் கூடாதுன்னு எட்த்துக்கினு பூட்டேன். சினைன்னு தெரியாது. அறுத்தப்புறம்தான் பாத்தேன்.” அதைச் சொன்ன பிறகுதான் அவன் அழுதான். ஆட்டுக்காரி அழவில்லை. அவள் எழுந்து போனாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை தீர்ந்தது என்றால், தப்பு செய்தவர் அடுத்தவர் வீட்டுத் தண்ணீரை அவர் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்தால் முடிந்தது. இதில் அந்த அம்மா சேர்த்த விதி ஒன்றுதான். அடிபட்டவர் தாமாக எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வரவேண்டும். ‘போ’ என்றோ ‘கொடு’ என்றோ யாரும் சொல்லக்கூடாது. எழுந்து போகவில்லையென்றால் முடியவில்லை, அவ்வளவுதான். இன்னொரு நாள் குந்த வேண்டும்.

ஆட்டுக்காரி சொம்போடு திரும்பி வந்தாள். அவனிடம் நீட்டும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ராஜிக்காரம்மா என்றே சொன்னார்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்களுக்கு ராஜி என்றால் சமாதானம். கட்டுரைக்காக ‘அவர்’ என்று எழுதுகிறேன். நேரில் ‘வாம்மா, போம்மா’தான். அவர் காலனி, நான் ஊர்த்தெரு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் என்னை ‘போஸ்ட்டய்யா, நீங்க’ என்பார். தேதியைப்போல இதையும் உள்ளபடி எழுத வேண்டும்.

நாராயணவனம் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் அவருக்குத் தார் சுற்றும் வேலை. ஊடை நூலைச் சின்னக் குழாய்களில் சுற்றித் தறிக்குக் கொடுப்பது. நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, நாற்று நட்டு, கடலை பிடுங்கி, பிறகு தறிக்குப் போனவர். இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

“கரண்ட்டு போச்சின்னா இன்னா பண்ணுவீங்க? தறிய ஒதைப்பீங்களா? எப்ப வரும்னும் தெரியாது, எய்ந்தும் போவ முடியாது. குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். மன்சனும் அப்படித்தான். உள்ள கரண்ட்டு வரணும்.”

திருப்பதியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, எல்லைக் கிராமங்களில் சமரசக் கமிட்டி அமைத்த காலம் அது. சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்காக வயல்களுக்கு நடுவே முள்வேலி போடத் தொடங்கிய வருடம். அவர்கள் சொன்ன கொள்கை எனக்குப் பிடித்திருந்தது. தண்டனை அல்ல, செய்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும், பட்டவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், இருவரும் மறுபடி ஒரே தெருவில் நடக்க வேண்டும். இதைப் பற்றி நானும் கொஞ்சம் படித்திருந்தேன். காலனியிலும் ஊர்த்தெருவிலும் வாய் விட்டுப் பேசக்கூடிய ஆள் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. அதனால் கமிட்டிக்கு நான் எழுத்தர்.

பயிற்சிக்காகத் திருப்பதிக்குப் போனோம். பயிற்சி கொடுத்த இளைஞர் தெலுங்கில் பேசினார். ஒரு வழக்குக்கு இவ்வளவு நிமிடம், அறிமுகத்துக்கு இவ்வளவு, மன்னிப்புக்கு இவ்வளவு என்று பலகையில் கட்டம் போட்டார். “டைம் மெயின்டெயின் செய்யாலி அம்மா”, நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு முறை ராஜிக்காரம்மாவைப் பார்த்தே சொன்னார்.

மாலையில் மலையேறிச் சாமி பார்த்தோம். இலவச தரிசன வரிசையில் ஒரு கூடத்தில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டினார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் சீட்டாடியது. அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேசாத சாமியப் பாக்க இவ்ளோ ஜனம் காத்துக்கினு கீது. பேசுற மன்சன் வாயத் தெறக்கறதுக்கு அந்தப் புள்ள நிமிசம் எண்ணுது.”

ஆனால் அவரை மீறிய ஒன்று அப்போதே தொடங்கிவிட்டது. காத்திருப்பதற்கு ஆள் எதிரில் இருக்க வேண்டும். ஊரில் ஆள் குறைந்துகொண்டிருந்தது. முதலில் சென்னைக்குக் கட்டட வேலை, பிறகு பெங்களூர், பிறகு ஸ்ரீபெரும்புதூர். அடித்தவன் மறுநாள் பஸ் ஏறிவிடுவான். ‘நாளைக்கு அவள் முகத்தில் முழிக்க வேண்டுமே’ என்ற ஒன்றை நம்பித்தான் கமிட்டி இருந்தது. முழிக்க வேண்டியதில்லை என்றால், ராஜிக்கு வருவானேன்?

ஒரு முறை பெங்களூரில் இருந்தவனைச் செல்போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கொட்டகை நடுவில் வைத்தோம். சித்தப்பன் மகனின் மாமரத்தை வெட்டியவன். அவர் வழக்கம்போலக் காத்திருந்தார். போனில் லாரி போகும் சத்தம் கேட்டது.

“அத்த, லைன்ல கீறியா?”

“கீறேன், சொல்லு.”

“தப்புதான் அத்த. டூட்டி டைமு. வெச்சிடட்டா?”

மரத்துக்காரன் சொம்பைப் பார்த்தான், போனைப் பார்த்தான். “தண்ணிய எதுல ஊத்தறது, இதுலயா?” என்று போனைக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். வழக்கு முடிந்ததும் நிரப்பச் சொல்லி நிறுவனத்தார் கொடுத்த படிவத்தில் ‘இரு தரப்பும் சம்மதித்தனரா’ என்ற கேள்விக்கு நான் ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டேன். கட்டங்கள் இரண்டுதான் இருந்தன.

இனி காலனிப் பெண் ஒருத்தியின் வழக்கு.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வந்த பிறகு தினமும் விடிகாலையில் எங்கள் ஊர் முனையில் ஒரு வெள்ளை பஸ் வந்து நிற்கத் தொடங்கியது. ஊர்த்தெருவும் காலனியும் ஒரே படியில் ஏறின. முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் காலனிப் பிள்ளைகள், ஏனென்றால் அவர்களுக்கு விட்டுப்போக நிலம் இல்லை. அப்படிச் சேர்ந்தவள் அந்தப் பெண். சார்ஜருக்கு ஒயர் பொருத்தும் ஒரு கம்பெனியில் மூன்றாவது வருடம் லைன் லீடர் ஆனாள். அவளுக்குக் கீழே முப்பது பேர். ஊர்த்தெருவில் எங்கள் வீட்டுக்கு நான்காம் வீட்டுப் பையன், மாந்தோப்பில் போர் வற்றியதும் அதே கம்பெனிக்கு வந்தான். அவள் லைனில் போட்டார்கள்.

ஐப்பசி மாதக் கடைசி, சனிக்கிழமை. அவன் பொருத்திய ஒரு தட்டு முழுவதையும் அவள் திருப்பி அனுப்பினாள். எல்லோர் எதிரிலும் நிற்க வைத்து மறுபடி செய்யச் சொன்னாள். மாலையில் பஸ் எங்கள் ஊர் முனையில் இறக்கிவிட்டுப் போனதும், அவன் கையிலிருந்த எவர்சில்வர் டிபன் டப்பாவால் அவள் வாயில் அடித்தான். முன்பல் ஒன்று போயிற்று, உதடு கிழிந்தது.

“அங்க நீ லீடரு” என்றானாம். “எறங்கினா இது எங்க ஊரு.”

போலீஸுக்குப் புகார் அர்ஜியை நான் எழுதினேன். பெண், அவள் தகப்பன், ராஜிக்காரம்மா, நான் என நான்கு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. அர்ஜியைப் படித்தார். ஜாதியைச் சொல்லி வருகிற கேஸ் என்றால் ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். “மீகு கமிட்டி உந்தி கதா? அக்கடே மாட்லாடுகோண்டி” என்றார். உங்களுக்குத்தான் கமிட்டி இருக்கிறதே, அங்கேயே பேசிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அர்ஜியை மடித்துக் கண்ணாடிக் குண்டின் கீழ் வைத்தார்.

ராஜிக்காரம்மா நகரவில்லை. “கமிட்டி ஸ்டேசனுக்குப் பதிலு இல்ல சார். அவளுக்கு ஸ்டேசன் வேணும்னா ஸ்டேசன், கமிட்டி வேணும்னா கமிட்டி. அவதான் சொல்லணும்.”

“செப்பம்மா” என்றார் எஸ்.ஐ. பெண்ணைப் பார்த்து.

பெண் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்றாள். எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். தகப்பன் “அப்பால சொல்றோம் சார்” என்று கும்பிட்டார். திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் ராஜிக்காரம்மா கேட்டார்: “நீ இன்னாம்மா சொல்ற?” பெண் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவில்லை. “சரி, நேரம் கீது” என்றார் அவர்.

நேரம் இருக்கவில்லை. பையனைக் கம்பெனி நிறுத்தி வைத்திருந்தது. கேஸ் எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த வாரத்துத் திங்கட்கிழமைக்குள் வந்தால் எடுத்துக்கொள்வோம், இல்லையென்றால் இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு பேருமே. அதனால் கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பால் வண்டி போனதும், கொட்டகையில் குந்தினோம். ஊர்த்தெருவும் வந்தது, காலனியும் வந்தது. திருப்பதியிலிருந்து அந்தப் பயிற்சி இளைஞர், கேமராவோடு இரண்டு விருந்தாளிகளை அழைத்து வந்திருந்தார்.

பையன் எழுந்து மனப்பாடம்போலச் சொன்னான். “தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு.”

“இன்னா தப்பு?” என்றார் அவர்.

“அடிச்சேன்.”

“எதுக்கு?”

அவர் காத்திருந்தார். அவனுடைய அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இளைஞர் இரண்டு முறை கைக்கடிகாரத்தை அவருக்குக் காட்டினார். அவர் பார்க்கவே இல்லை. என் குறிப்பின்படி ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. பிறகு அவன் சொன்னான்: “அவ சொல்லி நான் செய்யணுமான்னு இருந்துச்சி. கம்பெனியில யாரு சொன்னாலும் செஞ்சிருப்பேன். அவ சொன்னா செய்ய முடியல.”

அப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் தெருவிலிருந்து யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. கமிட்டி எதற்காக உண்டாயிற்றோ அது நடந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

பையனின் தகப்பன் எழுந்தார். அவருடைய வீட்டுக் கொல்லையில் காலனி ஜனங்கள் கையைக் குவித்து நிற்க, எட்ட இருந்து மேலிருந்து தண்ணீர் ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. அப்படிக் குடித்த தலைமுறையில் கடைசியாகப் பிறந்தவர் ராஜிக்காரம்மா. தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகும் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார், வேறொன்றும் சொன்னதில்லை.

“என் பையன் தண்ணி குடிப்பான்” என்றார் அந்தத் தகப்பன். “அந்தப் பொண்ணு கையால. நானும் குடிக்கிறேன்.”

காலனிப் பக்கம் ஒரு அசைவு. வயதானவர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். யாரோ ஓடினார்கள். பெண்ணின் தகப்பன் ஒரு டம்ளரைக் கொண்டுவந்தார். வரும் வழியெல்லாம் தண்ணீர் சிந்தியது. அதை உட்கார்ந்திருந்த மகளின் கையில் திணித்தார். “எய்ந்து குடு கண்ணு. உங்க தாத்தன் பாக்காதது.”

பெண் எழவில்லை. கைக்குட்டை ஒரு கையில், டம்ளர் ஒரு கையில். நான் ராஜிக்காரம்மாவைப் பார்த்தேன். அவர் கண் டம்ளர்மேல் இருந்தது. பெண்ணின்மேல் இல்லை.

“குடும்மா” என்றார்.

அந்த வார்த்தையை அந்தக் கொட்டகையில் அவர் அதற்கு முன்பு சொன்னதில்லை. பெண் எழுந்து நீட்டினாள். பையன் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை இருநூறு கண்கள் பார்த்தன. மிச்சத்தை அவன் தகப்பன் குடித்தார். கை தட்டினார்கள். கேமரா மின்னியது. காலனிப் பெண்கள் சிலர் அழுதார்கள். டம்ளர் காலியாவதற்கு முன்பே நான் ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டுவிட்டேன். பையன் பேச ஐம்பது நிமிடம் கொடுத்தோம். பெண்ணுக்குக் கொடுத்ததை நிமிடத்தில் எழுத முடியாது. இந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை.

பையன் திங்கட்கிழமை வேலைக்குப் போனான். பெண்ணும் போனாள். அவளை வேறு ஷிப்டுக்கு, வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கே லீடர் பதவி காலி இல்லையாம். பல் கட்டிக்கொண்டாள். அந்தப் போட்டோ திருப்பதி அலுவலகச் சுவரில் பெரிதாக மாட்டப்பட்டது என்று கேள்வி. காலனியில் அதைப் பற்றியே பேசினார்கள். யார் யார் எங்கே நின்றார்கள், எந்த டம்ளர், எவ்வளவு மிச்சம் வைத்தான் என்று. பெண்ணின் பல்லைப் பற்றிய பேச்சு அதில் வரவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை ராஜிக்காரம்மா அஞ்சலகத்துக்கு வந்தார். எப்போதும்போல் படிக்குக் கீழேயே நின்றார்.

“போஸ்ட்டய்யா, அந்தப் பேப்பர்ல இன்னா எயுதினீங்க?”

“இரு தரப்பும் சம்மதம்னு.”

“அவ சொன்னாளா?”

“நீதானேம்மா குடும்மான்னு சொன்னே?”

அவர் அங்கேயே நின்றார். தபால் கட்டு ஒன்று முழுவதையும் நான் பிரித்து முடிக்கும் வரை நின்றார். “ஆமா” என்றார் கடைசியில். “நான்தான் சொன்னேன். எனக்கு அந்தத் தண்ணிதான் தெரிஞ்சிது.”

அடுத்த வாரத்திலிருந்து அவர் தறிக்கொட்டகையில் சொல்லி வேலை நேரத்தை முன்னால் மாற்றிக்கொண்டார். மாலையில் வெள்ளை பஸ் வரும் நேரத்துக்கு ஊர் முனையில் மைல்கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். முதல் நாள் நான் அங்கே தபால் பைக்காக நின்றிருந்தேன். பெண் இறங்கினாள்.

“அன்னிக்கு கேக்காததக் கேக்க வந்தேன் கண்ணு. தண்ணி குடுக்க ஒனக்கு இஸ்டமா இருந்துச்சா?”

“இப்ப எதுக்கு அத்த? அதான் முடிஞ்சிபோச்சே. போட்டோ எல்லாம் எடுத்தாங்களே.”

“வேணான்னு சொல்லியிருந்தா மறுபடி ஸ்டேசனுக்குப் போயிருப்பேன்.”

“இப்ப சொன்னா போவியா?”

பெண் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. குந்தியிருப்பார், பெண் இறங்கி, கடந்து, காலனி வழியில் மறைந்ததும் எழுந்து தானும் போவார். அவள் ஷிப்டு மாறினால் இவரும் நேரம் மாற்றிக்கொண்டு குந்துவார். பஸ்ஸிலிருந்து பையன்கள் கேலி செய்தார்கள்.

“இன்னா ராஜிக்காரம்மா, ஒனக்கும் கம்பெனியில வேலையா?”

“ஆமா.”

“இன்னா வேல?”

“குந்தற வேல. ஒனக்கு வாணுமா?”

அடித்தவனும் சில நாள் அதே பஸ்ஸில் இறங்கினான். அவரைப் பார்த்தால் ‘வணக்கம்மா’ என்று மரியாதையாகவே சொல்வான். அவன் திருந்தியதாகவே ஊரில் பேச்சு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால் இதை எழுதுவது சுலபமாக இல்லை.

கமிட்டிக்கு அவர் மறுபடி வரவில்லை. வேறு இரண்டு பேரைப் போட்டார்கள். அவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். ஸ்டேஷனிலிருந்தே ஆள் அனுப்பி வைக்கும் அளவுக்குப் பெயர் வந்தது. பெண்டாட்டியை அடித்தவன், தங்கையின் பங்கை எழுதி வாங்கியவன் எல்லோரும் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு திருப்பதி நிறுவனத்துக்கு வேறு திட்டம் வந்தது. கமிட்டி நின்றது யாருக்கும் தெரியவில்லை. என் குறிப்பேட்டில் மட்டும் அதற்கு ஒரு நாள் இருக்கிறது.

பங்குனி மாதம், திங்கட்கிழமை. பெண் அஞ்சலகத்துக்கு வந்தாள். படியேறி உள்ளே வந்து மேசைக்கு எதிரில் நின்றாள். ஒரகடத்தில் வேறு கம்பெனி, தகப்பனையும் கூட்டிக்கொண்டு போகிறாள். தபால் வந்தால் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: “சார், அன்னிக்கு எழுதின பேப்பர் உங்ககிட்ட கீதா?”

கார்பன் பிரதி என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

“இதுல ரெண்டு கட்டம்தான் கீது.”

“ஆமாம்.”

“மூணாவதா ஒண்ணு போடுங்க.”

ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். அதில் என்ன எழுதுவது என்று அவளைப் பார்த்தேன். அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவர் வாங்க வந்த ஒருவரைக் கையைக் காட்டி வெளியே நிற்கச் சொன்னேன். மின்விசிறி சுற்றியது. கவர் வாங்க வந்தவர் போய்விட்டார்.

“என்னக் கேக்கல” என்றாள். “அத மட்டும் எழுதுங்க. வேணும், வேணாம் எதுவும் எழுத வேணாம்.”

எழுதினேன். பக்கத்தில் தேதி முத்திரையைக் குத்தினேன். மை காயும் வரை அவள் பார்த்தாள்.

“அத்தகிட்ட சொல்லிடுங்க சார். இனிமே அங்க குந்த வேணாம்.”

பிற்பகலில் பஸ் பிடித்துத் தறிக்கொட்டகைக்குப் போனேன். அந்தக் கொட்டகைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன. பெண்கள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் பாதி சுற்றிய தார் ஒன்று இருந்தது. நான் எதிரில் தரையில் குந்தி, நடந்ததைச் சொன்னேன்.

“அவ வாயாலயே சொன்னாளா?”

“ஆமாங்க.”

“எவ்ளோ நாளாச்சி?”

அந்தத் தண்ணீர் நாளிலிருந்து, வரும் வழியில் பஸ்ஸிலேயே எண்ணியிருந்தேன். “ரெண்டு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள்.”

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடியிலிருந்த தாரைத் திருப்பியபடி கேட்டார்: “‘குடும்மா’ன்னு சொன்னது யாருன்னு அதுல கீதா?”

“இல்லை.”

“எயுதுங்க.”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தபோது கரண்ட் வந்தது. அத்தனை தறிகளும் ஒன்றாக அடித்தன. அவர் திரும்பித் தாரை ராட்டையில் மாட்டினார். கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தை நான் தொடைமேல் வைத்து, மூன்றாவது கட்டத்துக்குக் கீழே எழுதினேன். அவருடைய பெயரை நான் எழுதியது அந்த ஒரு இடத்தில்தான்.